தொலைந்த பிள்ளைகள் கூடாரம்

மார்ச் மாதம் எங்களுக்கு இலையுதிர் காலம்.
நியூசிலாந்தின் தென்கோடியில், ஆற்றோரப் புல்வெளியில்
வருடத்துக்கு ஒரு நாள் சந்தை.
பூசணிக்காயை நிறுத்துப் பரிசு கொடுப்பார்கள்.
ரப்பர் பூட்ஸை யார் அதிகத் தூரம் எறிவதென்று
வங்கி மேலாளரும் பால் லாரி டிரைவரும்
வரிந்து கட்டிக்கொண்டு நிற்பார்கள்.
எனக்கு ஒதுக்கியது மேடைக்கு இடப்பக்கம்
ஒரு நீலக் கூடாரம்,
மடக்கு நாற்காலி ஆறு, பிஸ்கட் டப்பா ஒன்று,
மைக், பதிவேடு.
'தொலைந்த பிள்ளைகள் இங்கே'
பலகையில் என் கையெழுத்து,
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் சாய்ந்து.

நாலு மணிக்கு அந்த நால்வரும் மேடை ஏறினார்கள்.
முப்பது வருடத்துக்கு முன்
ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு
ஊர் ஊராகப் பறந்தவர்கள்.
பாடகர் இப்போது டயர்க் கடை வைத்திருக்கிறார்.
கிதார்க்காரருக்கு முட்டியில் ஆபரேஷன்,
ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.
அந்தக் காலத்துத் தோல் ஜாக்கெட் மட்டும்
யாருக்காகவும் பெருக்க மறுத்து
தொப்பைக்கு இருபுறமும் திறந்து தொங்கியது.

பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை.
மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பெண்,
வராத பஸ்,
'ஓ ஓ' என்று நாலு தடவை.
ஆனால் டிரம்ஸின் முதல் அடி விழுந்ததும்
தேன் போட்டியின் நடுவர்கள்
கரண்டியை வாயில் வைத்தபடியே திரும்பினார்கள்.
ரோமம் கத்தரிக்கிறவன் பாதி ஆட்டோடு நின்றான்.
பள்ளித் தலைமையாசிரியை கைப்பையைப் புல்லில் வைத்து
அதைச் சுற்றி ஆட ஆரம்பித்தாள்.

தொலைந்த பிள்ளைகளின் வரத்து
அந்த நேரத்தில்தான் கூடியது.
ஒன்று, மூன்று, ஐந்து.
பார்க்கப்போனால் ஒரு பிள்ளையும் தொலையவில்லை.
பெற்றவர்கள்தான் மொத்தமாகக் காணாமல் போயிருந்தார்கள்,
இருபதடி தள்ளி.

தமாட்டிக்கு எட்டு வயது. அழவில்லை.
பிஸ்கட்டைப் பிரித்து க்ரீமை மட்டும் நக்கினான்.
அம்மா பெயர் மெரியானா,
பச்சை ஸ்வெட்டர், என்றான்.
கூட்டத்தில் ஒரு பச்சை ஸ்வெட்டர் துள்ளியது,
வாயில் சிக்கிய முடியைத் துப்பியது,
மறுபடி துள்ளியது.
அதுதானே?
ஏறிட்டுப் பார்த்தான்.
இல்லை.
எங்கம்மாவுக்கு இடுப்பு வலி.

மைக்கை எடுத்து
'பச்சை ஸ்வெட்டர் போட்ட' என்றேன், அவ்வளவுதான்.
பஞ்சுமிட்டாய் இயந்திரமும் சாசேஜ் அடுப்பும்
ஒரே ஜெனரேட்டரில் உறிஞ்சியதில்
பட்டென்று எல்லாம் போனது.
கிதார் வெறும் கம்பி.
பாடகரின் வாய் மட்டும்
தொட்டி மீனாகத் திறந்து மூடியது.

கூட்டம் விடவில்லை.
பல்லவியைத் தோளில் தூக்கிக்கொண்டது.
'ஓ ஓ' நாலு தடவை,
ஆசைக்கு ஐந்தாவதும் ஒன்று.
பிறகு இரண்டாம் சரணத்துக்கு முறை வந்தது,
யாருக்கும் சரணம் வரவில்லை.
பாடகரே வானத்தைப் பார்த்தார்.
முணுமுணுப்பு, இருமல்,
பாதி ரோமத்தோடு நின்ற ஆடு ஒரு தரம் கத்தியது.

அப்போது ஒற்றைக் குரல்.
பஸ்ஸுக்கு அந்தப் பெண் எண்ணும் சில்லறை,
நனைந்து போன தீப்பெட்டி,
கொடுக்காமலே எடுத்துப் போகும் கடிதம்,
ஒரு சொல் விடாமல்,
கொஞ்சம் சுருதி தப்பி.

தமாட்டி மெல்லுவதை நிறுத்தினான்.
அது எங்கம்மா.
சாப்பிடக் கூப்பிடுற குரல்.

போகிறாயா என்றேன்.
வேண்டாமென்று தலையாட்டினான்.
நாற்காலியைக் கூடார வாசலுக்கு
இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கரண்ட் வந்தது.
'அடுத்து எங்கள் புதிய பாடல்' என்றார் பாடகர்.
ஜனம் சாசேஜ் வரிசைக்குக் கலைந்தது.
ஒவ்வொருவராக வந்து, கொஞ்சம் அசடு வழிய,
அவரவர் பிள்ளையைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள்.

மெரியானா கடைசியாக வந்தாள்,
இடுப்பைப் பிடித்தபடி, மூச்சிரைக்க.
தொந்தரவு கொடுத்தானா?
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.
புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல்
அவளையே பார்த்துக்கொண்டிருந்தான் பையன்.
அந்த ரெண்டாவது இடம், என்றான்,
இன்னொரு தடவை பாடேன்.

எது, என்றாள்,
அவன் மூக்கு நுனி க்ரீமை
ஸ்வெட்டர் கையால் துடைத்தபடி.